கணையத்தில் எடுத்துக் கல்லீரலில் வைப்பது

"அண்ணாச்சி, கணையத்துல இருக்கிற செல்லை மட்டும் எடுத்து இன்னொருத்தருக்கு வச்சுட்டா, அப்புறம் இன்சுலின் ஊசியே வேண்டாமாமே. நெசந்தானா?"

சிவகாசியில் ஒரு டீக்கடை பெஞ்சு. கேட்டவர் பட்டாசு ஆலையில் போர்மேன். மகளுக்குப் பதினாறு வயது. முதல் வகைச் சர்க்கரை நோய். சின்ன வயதிலிருந்தே தினம் நாலு ஊசி. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "நெசந்தான் தம்பி" என்றேன். அதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். அது எப்படி நடக்கிறது, யாருக்குப் பொருந்தும், அவர் மகளுக்கு இன்றைக்கு அதில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனி இல்லாமல் இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கும் உறுப்பு. எடை ஏறக்குறைய நூறு கிராம். அதில் பெரும்பகுதி சாப்பாட்டைச் செரிக்கிற சாற்றைச் சுரக்கும் திசு. நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளும் செல்கள். அவை சின்னச் சின்னக் கூட்டங்களாக அந்தத் திசுவுக்குள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன. 1869-ல் பெர்லினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். என்ன வேலைக்கு என்று அப்போது அவருக்கே தெரியாது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் இவைதான். ஒருவருடைய கணையத்தில் சுமார் பத்து லட்சம் திட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சராசரியாக 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இரண்டு மில்லிக்கு மேல் வராது.

அந்தத் திட்டுகளுக்குள் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நோயில், உடம்பின் எதிர்ப்பாற்றலே ஆள் தெரியாமல் இந்தப் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. பிள்ளை இனிப்பு சாப்பிட்டதாலோ, பெற்றவர்கள் கவனிக்காததாலோ வருவதல்ல இது. போர்மேனின் மனைவிக்கு இதைத் தனியாக ஒருமுறை சொல்லச் சொன்னேன். இத்தனை வருடமாக அந்தம்மா தன்னையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நம் தெருவில் நடுவயதுக்காரர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்கு மாத்திரை, சாப்பாடு, நடை என்று வேறு வழி இருக்கிறது. இந்தச் செல் மாற்றும் சிகிச்சை பெரும்பாலும் அவர்களுக்கானதல்ல.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதுவரை முதல் வகை நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. ஆனால் ஊசி சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தைத் தானாகப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளாது. பீட்டா செல் மாற்றிக்கொள்ளும். அதனால்தான் அந்தச் செல்லையே திருப்பி வைக்கலாமா என்ற யோசனை வந்தது. கணையத்தை முழுதாக மாற்றலாம். அது பெரிய அறுவை. திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்தால் அந்த அறுவை தேவையில்லை. கஷ்டமெல்லாம் அந்தப் பிரித்தெடுப்பதில்தான்.

"தம்பி, உங்க ஆலையில மருந்து சலிக்கும்போது என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அழுத்தித் தேய்க்கக் கூடாது அண்ணாச்சி. பதமாத்தான் தட்டணும். கொஞ்சம் ஏமாந்தா போச்சு."

இங்கேயும் அதே பதம்தான். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் தானமாகக் கொடுத்த கணையத்தைக் குளிர்ந்த கரைசலில் வைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் நடுவே ஓடும் நாளத்தில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, கொலாஜினேஸ் என்ற நொதியைச் செலுத்துவார்கள். ஒருவகை பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் நொதி அது. செல்களைக் கட்டிப்பிடித்திருக்கும் நாரை மட்டும் கரைக்கும். கணையம் உப்பியதும் துண்டு துண்டாக நறுக்கி, எஃகு உருண்டைகள் போட்ட ஒரு சிறிய பாத்திரத்துக்குள் இட்டு, 37 டிகிரி உடல் சூட்டில் குலுக்குவார்கள். பாத்திரத்தின் உள்ளே சல்லடை. விடுபட்டவை அதன் வழியே வெளியேறும். இந்த முறையை 1988-ல் உருவாக்கிய கமிலோ ரிகார்டியின் பெயரிலேயே அந்தப் பாத்திரமும் வழங்குகிறது. அதற்கு முன்பே, 1967-ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பால் லேசி எலிக் கணையத்தில் கொலாஜினேஸைப் பயன்படுத்தித் திட்டுகளைப் பிரித்துக் காட்டியிருந்தார்.

குலுக்கும்போது சில நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டை எடுத்து, டைதைசோன் என்ற சாயம் கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இன்சுலினோடு துத்தநாகம் சேர்ந்திருப்பதால் திட்டுகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். சிவப்புக்கு மேல் இன்னும் திசு ஒட்டிக்கொண்டிருந்தால் குலுக்கல் போதவில்லை. சிவப்பே உடைந்து சிதறினால் கை மீறிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் சரியான நிமிடத்தில் குளிர்ந்த திரவத்தை ஊற்றி நொதியை நிறுத்த வேண்டும். அந்த நிமிடம் கணையத்துக்குக் கணையம் மாறும். எத்தனை இயந்திரம் வந்தும் பார்க்கிறவரின் கண்ணும் அனுபவமும்தான் அதை முடிவு செய்கின்றன. அதன் பிறகு, அடர்த்தி வேறுபட்ட கரைசல்களில் வைத்துச் சுழற்றினால் லேசான திட்டுகள் தனி அடுக்காக நிற்கும். கனமான திசு கீழே போய்விடும்.

"எத்தனை கிடைச்சாப் போதும்?" என்றார்.

உடல் எடையில் கிலோவுக்கு ஐயாயிரம் திட்டுகளாவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மகளின் எடையைக் கேட்டேன்; 45 கிலோ. அப்படியானால் இரண்டேகால் லட்சம். கணையத்தில் இருப்பது பத்து லட்சம்தான் என்றாலும், பிரிக்கும்போது பாதி போய்விடுவது சாதாரணம். மீதியும் கல்லீரலுக்குப் போன முதல் சில நாட்களில் இன்னும் குறையும். அதனால் பலருக்கு ஒரு கணையம் போதாது.

வைக்கும் வேலை எளிது. தோல் வழியாக ஊசியைச் செலுத்தி, கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையில் குழாயை வைத்து, பையில் தொங்கும் திட்டுகளை மெல்ல இறக்குவார்கள். அவை இரத்தத்தோடு போய்க் கல்லீரலுக்குள் ஆங்காங்கே தங்கி, அங்கிருந்தே சர்க்கரையைப் பார்த்து இன்சுலினைச் சுரக்கத் தொடங்கும்.

2000-ல் கனடாவின் எட்மண்டனில் ஜேம்ஸ் ஷப்பிரோவின் குழு ஏழு பேருக்கு இதைச் செய்தது. ஏழு பேரும் ஊசியை விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கணையங்களாவது தேவைப்பட்டன. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து அங்கே சிகிச்சை பெற்றவர்களைப் பார்த்தபோது, ஊசியே இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுதான். அதே சமயம் எண்பது பேருக்குச் சொந்த இன்சுலின் ஓரளவு சுரந்துகொண்டிருந்தது. அதுவே பெரிய காரியம். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவது அவர்களுக்குக் குறைந்தது. பிறகு முறைகள் மேம்பட்டன. அமெரிக்க அரசு 2023 ஜூனில் இத்தகைய சிகிச்சை ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. அந்தச் சிகிச்சைக்கான ஆய்வுகளில் பங்கேற்ற 30 பேரில் 21 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ ஊசி இல்லாமல் இருந்தார்கள். ஐந்து பேருக்கு ஒருநாள்கூட அது கிட்டவில்லை.

லோ சுகர் வந்தால் பெரும்பாலோருக்குக் கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும். நோய் பல ஆண்டுகள் இருந்த சிலருக்கு அந்த அறிகுறிகளே தெரியாமல் போய்விடும், நேராக மயக்கம்தான். மருந்துக் கலவை அறையில் நிற்கும் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று போர்மேனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சை முதலில் அத்தகையவர்களுக்குத்தான்.

எல்லோருக்கும் ஏன் இல்லை என்றால், வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். பிறருடைய செல்லை உடம்பு ஏற்காது. அந்த மாத்திரைகளால் தொற்று வரும், சிறுநீரகம் பாதிக்கும், சிலவகைப் புற்றுநோய் அபாயமும் கூடும். ஊசி போட்டு நன்றாக இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த விலையைக் கொடுக்க எந்த நல்ல மருத்துவரும் சம்மதிக்க மாட்டார்.

சொந்தச் செல்லையே திருப்பி வைத்தால் அந்த மாத்திரை வேண்டாம். நாள்பட்ட கணைய அழற்சியில் தாங்க முடியாத வலி இருப்பவர்களுக்குக் கணையத்தை எடுத்துவிட்டு, அதிலிருந்த திட்டுகளைப் பிரித்து அவர்களுடைய கல்லீரலிலேயே வைக்கும் சிகிச்சையை 1977-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கினார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கணையத்தில் கல் சேரும் நோய் நீண்ட காலமாகவே காணப்படுவதால் இது நமக்கு நெருக்கமான விஷயம். ஹைதராபாத்தின் ஏஷியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி இதில் வேலை செய்திருக்கிறது. கல் முற்றிக் கணையம் நாராகிவிட்டால் திட்டுகள் குறைவாகவே தேறும் என்பதால், இதற்கும் காலத்தில் போக வேண்டும்.

தானக் கணையத்தை நம்பியிருக்கும் நிலையும் மாறி வருகிறது. வேறுவகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திட்டுகளை 12 பேருக்கு முழு அளவில் வைத்ததில், ஓராண்டு முடிவில் 10 பேருக்கு ஊசி தேவைப்படவில்லை என்று 2025-ல் அறிக்கை வந்தது. அவர்களும் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டாக வேண்டும். அதே ஆண்டு ஸ்வீடனில், மரபணு திருத்திய திட்டுகளை ஒருவரின் கைத்தசையில் மாத்திரை இல்லாமலே வைத்து, அவை உயிரோடு இன்சுலின் சுரப்பதைக் காட்டினார்கள். வைத்த அளவு சிறியது. அவருக்கு ஊசி தொடர்ந்தது. ஆனாலும் கதவு திறக்கிறது.

அதற்குள் இங்கே சிலர் கடை விரித்துவிட்டார்கள். போர்மேன் காட்டிய செய்தியின் கடைசியில் ஒரு போன் நம்பரும் பல லட்ச ரூபாய்க் கட்டணமும் இருந்தன. நம் நாட்டு வழிகாட்டு நெறிகளின்படி, சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. முறையான ஆய்வில் சேர நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். சர்க்கரையை அடியோடு குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "நகையை வச்சாவது பாக்கலாம்னு இருந்தேன்" என்றார். வைக்காதீர்கள் தம்பி. அந்த நம்பரை அழித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது வேறு. ஊசியை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. முதல் வகையில் அது உயிரோடு விளையாடுவது. சித்திரை வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில் ஈர மண்பானைக்குள் வைக்கலாம். மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை, வருடம் ஒருமுறை கண், சிறுநீரகம், பாதம். இதற்கெல்லாம் விருதுநகரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நாளைக்கு நல்ல சிகிச்சை வந்து சேரும்போது, கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருக்கிற பிள்ளைக்குத்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். இன்றைய ஒவ்வொரு ஊசியும் அதற்கான சேமிப்பு.

நம் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டில் 2008-லிருந்து உறுப்பு தானம் முறையாக நடக்கிறது. தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023-ல் அறிவித்தார்கள். தானத் திட்டுகளை வைத்த இத்தனை ஆய்வும், யாரோ ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவில் சரி என்று சொன்னதால்தான் தொடங்கியது. நம் விருப்பத்தை வீட்டில் இப்போதே சொல்லி வைத்தால், அந்த நேரத்தில் அவர்கள் தடுமாற மாட்டார்கள்.