ஆட்டத்தை எடை போடலாம். ஆளை எடை போடலாமா?

கால்பந்தாட்டம் தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதைப் பற்றிய பேச்சு அத்தனை விரைவில் முடிவதில்லை. நடுவரின் கடைசி ஊதலோடு மைதானத்தில் ஓய்கின்ற ஆட்டம், திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் மறுபடி தொடங்குகிறது. இன்னார் நன்றாக ஆடினார், இன்னார் சோடை போனார், பயிற்சியாளர் அவரை இறக்கியிருக்கக் கூடாது, இவரை அரை மணி நேரம் முன்னதாகவே இறக்கியிருக்க வேண்டும் என்று இரவு வெகுநேரம் வழக்கு நடைபெறுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்குகளில் இந்த வழக்கை அறியாத இல்லம் இராது. உலகக் கோப்பை நடக்கும் நாட்களில் விடிய விடியக் கண் விழித்துப் பார்த்துவிட்டு, திருப்பலிக்கு வரும் வழியிலும் அதே பேச்சைத் தொடர்கின்றவர்களை நாம் காண்கிறோம்.

இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்டத்தை அலசி ஆராய்வது அறிவுக்கு நல்ல பயிற்சி. நண்பர்களை ஒன்று கூட்டுகின்ற நல்ல பொழுதுபோக்கு. திருச்சபையும் பந்தைப் பகைத்தது இல்லை. அர்ஜென்டினாவின் தலைநகராகிய புவனெஸ் அயர்சில், தெருவில் பந்தாடிய சிறுவர்கள் டிராம் வண்டியில் அடிபடும் ஆபத்தைக் கண்ட சலேசிய சபைக் குருவாகிய லொரென்சோ மாசா அடிகள், தம் இல்லத்தின் முற்றத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அந்தச் சிறுவர்களிடமிருந்தே 1908-இல் சான் லொரென்சோ என்னும் கால்பந்துக் கழகம் பிறந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறு வயது முதல் இறுதி வரை அக்கழகத்தின் ரசிகராகவே இருந்தார்.

எனினும் இந்தப் பேச்சுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. "அந்தப் பந்தை அவர் ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்பது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. "அவன் நாட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டான்" என்று சொல்வது ஆளைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நாம் கடந்து செல்வது பெரும்பாலும் நமக்கே தெரிவதில்லை. அதன் விளைவு எத்தகையது என்பதை ஒரு மனிதரின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

மரக்கானாவில் ஒரு மாலை

1950 ஜூலை 16. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் புதிதாகக் கட்டப்பட்ட மரக்கானா அரங்கில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். பிரேசிலும் உருகுவேயும் மோதின. சீட்டு வாங்கி உள்ளே வந்தவர்கள் மட்டுமே 1,70,000-க்கும் மேல். அந்த ஆண்டின் விதிப்படி நான்கு அணிகள் ஒன்றோடொன்று ஆடி, மிகுந்த புள்ளி பெறுகின்ற அணி கோப்பையைக் கொள்ளும். சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்த பிரேசிலுக்கு, இந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே போதும். பிரேசில் வீரர்களை உலக வெற்றியாளர்கள் என்று அன்று காலையே ஒரு நாளிதழ் படத்துடன் வெளியிட்டுவிட்டது. ஆட்டம் தொடங்குமுன்பே அவர்களை வெற்றி வீரர்களாக வாழ்த்தி நகரத் தலைவர் உரையாற்றினார்.

இடைவேளைக்குப் பின் பிரேசிலின் ஃபிரியாசா முதல் கோலை அடித்தார். 66-ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வலப்பக்கமாக ஓடிவந்து பந்தைக் குறுக்கே அனுப்ப, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79-ஆம் நிமிடத்தில் கிஜியா அதே பக்கமாக மறுபடியும் ஓடிவந்தார். பிரேசிலின் கோல் காவலர் மொவாசிர் பார்போசா, முன்போலவே பந்து குறுக்கே வரும் என்று கணித்து, ஓர் அடி அப்பால் நகர்ந்தார். அவருக்கும் கம்பத்துக்கும் இடையே பிறந்த சிறு இடைவெளியில் கிஜியா பந்தைச் செலுத்திவிட்டார். பந்து தம் விரலில் பட்டது என்றும், அது வெளியே போயிற்று என்றே தாம் எண்ணியதாகவும், அரங்கம் முழுவதும் ஊமையானதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்ததாகவும் பார்போசா பின்னாளில் கூறினார். உருகுவே 2-1 என்று வென்றது.

ஐம்பது ஆண்டுத் தண்டனை

அன்றிரவு தொடங்கிய பேச்சு ஐம்பது ஆண்டுகள் ஓயவில்லை. தற்காப்பில் நின்ற பலர், திட்டம் வகுத்த பயிற்சியாளர், வெற்றியைக் காலையிலேயே கொண்டாடிவிட்ட பத்திரிகைகள் என்று எத்தனையோ பேர் அந்தத் தோல்வியில் பங்கு பெற்றிருக்க, மக்கள் பார்போசாவின் தலையில் பாரத்தை ஏற்றினர். அவரோடு சேர்த்துப் பழிக்கப்பட்ட பிகோடே, ஜுவெனால் ஆகிய இருவரும் அவரைப் போன்றே கறுப்பு நிறத்தவர் என்பது தற்செயலானதன்று. தோல்விக்கு ஆள் தேடுகின்ற கண்கள் முதலில் நிறத்தைத் தேடின. நம்முடைய ஊர்களில் இளைஞர் அணி தோற்ற மாலையில், "அந்தத் தெருப் பையன்களைச் சேர்த்தால் இப்படித்தான்" என்று ஒரு குரல் எழுமானால், அதுவும் இதே பாவத்தின் மற்றொரு வடிவமே. ஒரே பீடத்திலிருந்து நற்கருணை உட்கொள்ளுகின்ற நாவுக்கு அந்தச் சொல் அடுக்குமா?

பார்போசா தம் கழகமாகிய வாஸ்கோ ட காமாவுக்காக மேலும் பல ஆண்டுகள் ஆடினார். நாட்டு அணியிலோ 1953-இல் ஒரே ஓர் ஆட்டம், அவ்வளவே. 1970 வாக்கில் ஒரு கடையில் நின்ற அவரை ஒரு தாய் தன் சிறு மகனுக்குச் சுட்டிக்காட்டி, "பிரேசில் முழுவதையும் அழவைத்த மனிதர் இவர்தாம்" என்று சொன்னதை அவரே துயரத்தோடு நினைவுகூர்ந்தார். அந்தச் சிறுவன் 1950-இல் பிறந்திருக்கவே மாட்டான். தான் காணாத ஓர் ஆட்டத்துக்காக, தான் அறியாத ஒரு மனிதரை வெறுக்க அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. 1993-இல், பயிற்சியில் இருந்த நாட்டு அணியை வாழ்த்தச் சென்ற முதியவரை, கெட்ட சகுனம் என்று அஞ்சி உள்ளே விடவில்லை. தம் நாட்டுச் சட்டத்தின்படி உச்ச தண்டனையே முப்பது ஆண்டுகள்தாம், தாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாக அவர் சொல்லி வருந்தினார். 2000 ஏப்ரலில் தம் 79-ஆம் வயதில் காலமானார்.

சொல் சில வேளைகளில் உயிரையே குடித்துவிடுகிறது. 1994 ஜூன் 22 அன்று அமெரிக்க நாட்டு அணிக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், எதிரியின் பந்தைத் தடுக்கப் பாய்ந்த கொலம்பியா வீரர் ஆந்த்ரே எஸ்கோபாரின் காலில் பட்ட பந்து அவருடைய அணியின் கோலுக்குள்ளேயே புகுந்துவிட்டது. கொலம்பியா 2-1 என்று தோற்றது. பண்பாளர் என்றே பெயர் பெற்றிருந்த அவர், வாழ்க்கை இதோடு முடிந்துவிடவில்லை என்னும் கருத்தில் நாளிதழ் ஒன்றில் எழுதிவிட்டுச் சொந்த ஊராகிய மெடெயினுக்குத் திரும்பினார். ஜூலை 2 அன்று அங்கே ஓர் இரவு விடுதியின் வெளியே, அந்தக் கோலைச் சொல்லி இழித்துப் பேசியவர்களோடு ஏற்பட்ட வாக்குவாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. சுட்டவனுக்கு 43 ஆண்டு சிறை விதிக்கப்பட்டு, பின்னர் குறைக்கப்பட்டு, 2005-இல் அவன் விடுதலை பெற்றான். ஓர் உயிரைப் பறித்தவனுக்குப் பதினோர் ஆண்டில் விடுதலை. ஒரு பந்தைத் தவறவிட்டவருக்கோ சாகும் வரை விடுதலை இல்லை. மனிதரின் நாவு வழங்குகின்ற நீதி இத்தகையது!

கணக்கும் பொய்த்துவிடுகிறது

இத்தீர்ப்புகள் கொடியவை மட்டுமல்ல, பல வேளைகளில் பொய்யானவையும் ஆகும். 1994 உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இத்தாலியின் ரொபெர்த்தோ பாஜியோ பெனால்டிப் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்ததால் கோப்பை போயிற்று என்று இன்றும் பலர் கூறுகிறார்கள். எண்ணிப் பாருங்கள். அவருக்கு முன்பே இத்தாலியின் பரேசியும் மசாரோவும் தவறவிட்டிருந்தனர். பாஜியோ அடித்தது இத்தாலியின் ஐந்தாவது பந்து. அது கோலாகியிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஒரு பந்து மீதமிருந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு என்று ஐந்து கோல்கள் அடித்து இத்தாலியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுவந்தவரும் அதே பாஜியோதாம். கடைசியாகக் கண்ணில் பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் மறந்துவிடுவது நம் மனத்தின் குறை.

புனித இஞ்ஞாசியார் காட்டும் வழி

எட்டாம் கட்டளை பொய்ச்சான்று சொல்வதை மட்டுமே விலக்குகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். போதிய ஆதாரமின்றிப் பிறரிடம் ஒழுக்கக் குற்றம் இருப்பதாக மனத்துக்குள் முடிவு கட்டுவதையும் அக்கட்டளைக்கு எதிரான பாவமாகவே திருச்சபையின் மறைக்கல்வி நூல் கணக்கிடுகிறது. அதற்கு அவசரத் தீர்ப்பு என்று பெயர். இதற்கு மருந்தாகப் புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்தில் கூறுகின்ற அறிவுரையை அதே நூல் எடுத்துக்காட்டுகிறது. பிறர் சொல்லுக்கு முதலில் நல்ல பொருளே காண முயல வேண்டும். இயலாவிட்டால் அவர் அதை எப்படிக் கருதினார் என்று அவரிடமே கேட்க வேண்டும். தவறாகவே இருந்தால் அன்போடு திருத்த வேண்டும்.

பிறர் சொல்லுக்காகப் புனிதர் சொன்னதைப் பிறர் செயலுக்கும் பொருத்திப் பார்ப்போம். பார்போசா ஏன் அந்த ஓர் அடி நகர்ந்தார்? முதல் கோல் வந்த வழியை நினைவில் கொண்டதால். அது கவனக்குறைவு அன்று, கணிப்பு. கோல் காவலர் ஒவ்வொரு நொடியும் இத்தகைய கணிப்பைச் செய்கிறார். பத்து முறை சரியாகக் கணித்ததை யாரும் எண்ணுவதில்லை. பதினோராம் முறை தவறினால் ஊரே எண்ணுகிறது. முன்கள வீரர் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு உண்டு. காவலருக்குப் பின்னால் வலை மட்டுமே உண்டு. வாடொவிசே என்னும் போலந்து நாட்டுச் சிற்றூரில் சிறு வயதில் கோல் காவலராக நின்று அந்தத் தனிமையை அறிந்த ஒருவரே பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார்.

ஆகவே விவாதத்தை விட்டுவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் இடம் மாறி நின்றார், மெதுவாக ஓடினார், பந்தைத் தாமதமாகக் கொடுத்தார் என்று தாராளமாகச் சொல்லலாம். உண்மையை மறைப்பது அன்பு ஆகாது. ஆனால் "தாமதமாகக் கொடுத்தார்" என்பதிலிருந்து "காசு வாங்கிவிட்டார்" என்பதற்கும், "தவறவிட்டார்" என்பதிலிருந்து "உதவாக்கரை" என்பதற்கும் தாவுவதற்கு நமக்கு உரிமை இல்லை. சிறு தீப்பொறி பெருங்காட்டை எரிப்பதை நாவுக்கு உவமையாகக் காட்டிய புனித யாகப்பர், இந்தத் தாவலையே அஞ்சினார்.

வென்றவர் தேற்றினார்

மரக்கானாவின் அதே இரவில் ஓர் அழகிய செயலும் நிகழ்ந்தது. வெற்றி பெற்ற உருகுவே அணியின் தலைவர் ஒப்துலியோ வரேலா, கொண்டாட்டத்தை விட்டு வெளியேறி, ரியோ நகரத்து மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த பிரேசில் மக்களோடு அமர்ந்து அந்த இரவைக் கழித்தார். அவர்களுடைய துயரத்தைக் கண்டு தம் வெற்றியே தமக்குக் கசந்ததாகப் பின்னாளில் சொன்னார். சொந்த மக்கள் சொந்தக் காவலரைத் தூற்றிய வேளையில், எதிரணித் தலைவர் தோற்றவர்களுக்கு அயலார் ஆனார். நல்ல சமாரியரின் உவமையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

நம் காலத்திலும் அதற்குச் சான்று உண்டு. 2021 ஜூலை 11 அன்று லண்டனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அணி பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றது. பந்தைத் தவறவிட்ட ரேஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள் மீதும் சமூக வலைத்தளங்களில் நிறவெறி வசைகள் பொழிந்தன. சாக்காவுக்கு அப்போது வயது 19. மான்செஸ்டர் நகரில் ஒரு சுவரில் தீட்டப்பட்டிருந்த ரேஷ்ஃபோர்டின் ஓவியத்தின் மேல் யாரோ இழிசொற்களை எழுதினர். ஊர் மக்களோ வரிசையாக வந்து, அன்பு மொழிகள் எழுதிய தாள்களால் அந்த வசையை மூடினார்கள். சிறுவர்களும் எழுதி ஒட்டினார்கள். 2024 ஜூலை 6 அன்று சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்து பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோலை அடித்தவர் சாக்கா. ஆட்டம் மறுபடியும் பெனால்டிக்குச் சென்றபோது, துணிந்து முன்வந்து பந்தை வலைக்குள் செலுத்தியவரும் அவரே. 2021-இன் தீர்ப்பே இறுதித் தீர்ப்பாக இருந்திருந்தால் அந்தப் பந்தை அடிக்க அவர் வந்திருப்பாரா?

பெற்றோரே, ஆட்டம் முடிந்து நீங்கள் விவாதிக்கும்போது உங்கள் பிள்ளைகள் அருகில் இருந்து கேட்கிறார்கள். தோற்றவரை நீங்கள் எப்படிப் பேசுகிறீர்களோ, தாங்கள் தோற்கும் நாளில் தங்களையும் அப்படியே பேசுவீர்கள் என்று அவர்கள் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். தேர்வில் தவறிய மகன் வீட்டுக்கு வர அஞ்சி ஊரைச் சுற்றுவதற்கு விதை சில வேளைகளில் இத்தகைய இரவுகளில்தான் விழுகிறது. தோற்ற அணியில் நன்றாக ஆடியவர் யார், தவறியவர் அதற்கு முன் செய்த நன்மை என்ன என்று பிள்ளைகளிடம் நீங்களே கேளுங்கள். நாம் எந்த அளவையால் அளக்கிறோமோ அதே அளவையால் நமக்கும் அளக்கப்படும் என்று ஆண்டவர் எச்சரித்திருக்கிறார். அந்த அளவையில் இரக்கத்தையும் சேர்த்து அளப்போம். அன்றிரவு குடும்ப செபத்தில், பந்தைத் தவறவிட்ட அந்த முகம் தெரியாத இளைஞருக்காகவும் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுவோம்.