எஞ்சின் கொதிப்பதேன்?

பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்துள்ளது குரும்பலூர். சித்திரை வெயிலில் அவ்வழியே செல்லும் கார் ஒன்று இழுவை குன்றிக் கொதிக்கத் தொடங்கினால், காண்போர் முதலில் வெயிலைப் பழிப்பர். அடுத்து ரேடியேட்டரைப் பழிப்பர். எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து பார்க்குங்கால் நீர் நிறைந்திருக்கிறது; விசிறியும் செவ்வனே சுழல்கிறது. அவ்வாறாயின் பிழை வேறிடத்தில் இருத்தல் கூடும்.

ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுமாயின், அக்கலவை மெலிந்த கலவையாகும். எரிபொருள் குறைந்தால் வெப்பமும் குறைய வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழ்வதில்லை. மெலிந்த கலவையில் சுடர் மெல்லப் பரவுகிறது. பிஸ்டன் கீழிறங்கிய பின்னும் எரிதல் தொடர்வதால், புகை வெளியேறும் வால்வு அனலில் வேகிறது. மேலும், மண்பானையில் கசியும் நீர் ஆவியாகிப் பானையைக் குளிர்விப்பது போல, பெட்ரோலும் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்கிறது. பெட்ரோல் குறைய, அக்குளிர்ச்சியும் குறைகிறது.

இந்நோயை அறிவது எங்ஙனம்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் முனை பழுப்பாயிருப்பின் கலவை செம்மையானது. கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுந்தது. வெளுத்திருப்பின் மெலிந்தது எனக் கருதலாம். கார்ப்புரேட்டர் உள்ள வண்டியில் சோக்கைச் சிறிது மூடியதும் ஓட்டம் சீர்ப்படுமாயின் ஐயம் நீங்கும்.

இனிக் காரணத்தைத் தேடலாம். நிற்கும்போது எஞ்சின் தடுமாறி, விரைவில் சீராக ஓடினால், கேஸ்கட்டின் வழியாகவோ வெடித்த ரப்பர்க் குழாயின் வழியாகவோ காற்று புகுகிறது எனலாம். நிற்கும்போது நன்கு இயங்கி, மேட்டில் ஏறும்போது திணறினால், பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு இருக்கலாம். வடிகட்டி, பம்பு, ஜெட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

1976ஆம் ஆண்டு முதல் கார்களில் இடம்பெறத் தொடங்கிய ஆக்சிஜன் உணர்கருவி, புகையைச் சோதித்துக் கலவையின் நிலையை உணர்த்துகிறது. ஆயினும், கலவை மெலிந்தது என்பதையே அது கூறும். மெலிந்த காரணத்தை மனிதனே காண வேண்டும். காரணம் அறியாது நீரை மட்டும் ஊற்றிச் செல்வோரின் வண்டியில் வால்வு கருகும்; பிஸ்டனும் உருகித் துளைபடக் கூடும். சில ரூபாய் பெறும் ரப்பர்க் குழாய், எஞ்சினையே அழித்துவிடும். வெப்பம் நோயன்று, நோயின் அறிகுறியே என உணர்ந்து முறையாக ஆராய்பவரே தேர்ந்த மெக்கானிக் ஆவார்.