ஆப் ரெடி... ஆனா பட்டன் வேலை செய்யுதா? 5 பேரை வைத்து சோதிப்பது எப்படி?

'பணம் செலுத்து' பட்டனை அழுத்தியும் திரை அப்படியே நிற்கிறது. என்ன செய்வோம்? இன்னொரு தடவை அழுத்துவோம். பணம் இரண்டு முறை போகும் ஆபத்து இங்கேதான் இருக்கு. கோடிங் கத்துக்கிற பலர் இதை ஆப் வெளியான பிறகுதான் கவனிக்கிறார்கள்.

இதை முன்கூட்டியே பிடிக்கத்தான் 'புரோட்டோடைப்', அதாவது மாதிரி வடிவம். சர்வரோ, வங்கி இணைப்போ தேவையில்லை. ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்டில் நாலு திரை. அழுத்தினால் அடுத்தது வரணும், அவ்வளவுதான். பாம் பைலட் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் ஒரு மரக்கட்டையைத்தான் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்றினார்!

சோதிக்க எத்தனை பேர் வேண்டும்? 5 பேர் போதும் என்று 2000-ல் எழுதினார் டென்மார்க்கைச் சேர்ந்த நிபுணர் ஜேக்கப் நீல்சன். அவர் கணக்கில், அதிலேயே சுமார் 85 சதவீத குறைகள் தெரிந்துவிடும். இதை ஏற்காதவர்களும் உண்டு. 15 பேர் கிடைத்தால்? ஒரே நேரத்தில் வேண்டாம். ஐந்தைந்து பேராக மூன்று சுற்று, நடுவில் திருத்தம்.

கஷ்டமான வேலை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். "அந்த மூலையில பாருங்க" என்று சொல்லிட்டா சோதனை போச்சு. "300 ரூபாய் அனுப்புங்க" என்று வேலையை மட்டும் கொடுங்கள். மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விரல் தயங்கும் இடத்தைக் குறித்துத் திருத்திவிட்டு, அடுத்த 5 பேரைக் கூப்பிடலாம்.