கையொப்பம் யாருடையது, பொறுப்பு யாருடையது?

கல்முனையில் எங்கள் மாதாந்தக் குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் ஒரு துண்டுக் கடிதத்தை நீட்டினார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். மகள் சவூதியில் வேலை செய்கிறார். எட்டாம் தரம் படிக்கும் பேத்தியை இவரே வளர்க்கிறார். ரியூசன் வகுப்பில் பிள்ளைகளைப் பொத்துவில் களப்புக்குச் சுற்றுலா கொண்டு போகிறார்களாம். தோணியிலும் கயாக்கிலும் ஏற்றுவார்களாம். கயாக் என்பது ஒருவரோ இருவரோ இருந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு. கடிதத்தின் கடைசி வரி இதுதான்: "எது நடந்தாலும் நாம் பொறுப்பல்ல."

"மகள், இதுல ஒப்பம் வெச்சா எல்லாப் பழியும் என்ட தலையிலதானே?" என்று கேட்டார்.

சகோதரிகளே, இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். புதிய பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் அந்தப் பாதையில்தான் போய்வர வேண்டியிருந்தது. 2024 நவம்பர் 26இல் எமக்கு மிக அருகே, மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரசா மாணவர்கள் பலியாகினர். இப்படியொரு துயரம் நடந்தால் "தாய் ஏன் அனுப்பினாள்?" என்ற கேள்வி எப்படியோ வந்துவிடுகிறது. ஏற்றியவர் ஏன் ஏற்றினார், அனுமதித்தவர் எதைப் பார்த்து அனுமதித்தார் என்று கேட்பவர் குறைவு.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியை நீதிமன்றமே கேட்டது. 1993 மார்ச் 22இல் லைம் விரிகுடாவில் பாடசாலை மாணவர் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர் மற்றும் இரு பயிற்றுநர்களுடன் கயாக்கில் கடலில் இறங்கினர். காற்று அவர்களைக் கரையை விட்டு இழுத்துச் சென்றது. உதவி கேட்க அவர்களிடம் வானொலிக் கருவியோ எரிவெளிச்சமோ இருக்கவில்லை. மீட்பு தாமதமாகவே வந்தது. குளிர்ந்த நீரில் நான்கு மாணவர்கள் மாண்டனர். பாதுகாப்புப் போதாது என்று முன்னைய பயிற்றுநர் ஒருவர் அதற்கு முந்திய வருடமே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1994 டிசம்பரில் அந்த நிறுவனமும் அதன் முகாமைப் பணிப்பாளரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. பணிப்பாளர் சிறை சென்றார். 1995இல், பிள்ளைகளை இவ்வாறு அழைத்துச் செல்லும் நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்று சட்டம் வந்தது.

அந்தப் பிள்ளைகள் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. சொன்னபடியே செய்தார்கள். படகின் நிலை, காற்றின் போக்கு, கருவிகளின் குறை எல்லாம் தெரிந்திருக்க வேண்டியவர் காசு வாங்கி ஏற்றுபவர். தெரிந்தவருக்கே பொறுப்பும் கூட. எமது நாட்டிலும் கவனயீனமான செயலால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி குற்றமாகும். தாய் வைக்கும் ஒப்பம் பயணத்துக்கான சம்மதம். பிறருடைய கவனயீனத்துக்குக் கொடுக்கும் அனுமதி அல்ல.

அதற்காக எமக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. உயிர்காப்பு அங்கி தந்தால் வெட்கமோ வெக்கையோ பாராமல் அபாயாவின் மேல் அணிந்து பட்டிகளை இறுக்குவது எமது கடமை. ஆள் நிறைந்த தோணியில் "நானும் ஒரு ஆள்தானே" என்று ஏறாமல் இருப்பதும் எமது கடமை. 2004 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். ஆனாலும் எமது பெண்பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் இன்றும் மிகச் சிலரே.

"எல்லாம் கத்ர்" என்று சிலர் சொல்வார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று நபியவர்கள் கற்றுத் தந்ததை மறந்துவிடக் கூடாது. கயிறு இருப்பவர் கட்டாமல் விட்டுவிட்டு விதியைச் சொல்வது நியாயமல்ல.

நாங்கள் இருவரும் அந்தத் துண்டின் பின்புறத்தில் ஐந்து கேள்விகள் எழுதினோம்.

1. ஒரு தோணியில் எத்தனை பேர்?
2. ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி உண்டா?
3. நீந்தி மீட்கத் தெரிந்த பெரியவர் கூட வருவாரா?
4. களப்பின் எந்தப் பக்கம் போவார்கள்? முகத்துவாரத்துக்குப் போகாமல் இருப்பார்களா?
5. காற்றோ மழையோ வந்தால் நிறுத்தும் முடிவை எடுப்பவர் யார்?

வகுப்பு சேருக்கு முதலில் கோபம். "இந்த உம்மா மட்டும்தான் கேட்கிறா" என்றாராம். மறுநாள் இன்னும் நான்கு தாய்மார் அதே கேள்விகளோடு போனார்கள். அவர் தோணிக்காரரிடம் விசாரித்தபோதுதான், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்ற இருந்ததும், அங்கி ஐந்துதான் இருந்ததும் தெரியவந்தது. இறுதியில் ஐந்து ஐந்து பேராக, அங்கியோடு, கரையோரமாகத் தோணியில் மட்டும் ஏற்றினார்கள். கயாக் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

பேத்தி போய் வந்தாள். சதுப்புநிலத்துக் கொக்குகளைப் பற்றி இரண்டு நாள் ஓயாமல் பேசினாளாம்.

சகோதரிகளே, பிள்ளைகளைத் தடுத்து வைக்க வேண்டியதில்லை. ஒப்பம் வைக்க முன் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.