பேரம் பேசாத கஸ்டமர்

திருப்பதியில் பழைய பிரிட்ஜ் ஒன்றை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டுப் பாருங்கள். விலை 9,000 ரூபாய் என்று போட்டால், முதலில் வரும் போன் "லாஸ்ட் எந்தண்டி?" என்றுதான் ஆரம்பிக்கும். அடுத்தவர் சித்தூரிலிருந்து தமிழில் கேட்பார்: "கடைசியா எவ்ளோக்குத் தருவீங்க?" மூன்றாமவர் கூசாமல் நாலாயிரத்துக்குக் கேட்பார். நான்காமவர் கம்ப்ரஸர் மாற்றியதா, பில் இருக்கிறதா, கதவு ரப்பர் எப்படி இருக்கிறது என்று குறுக்கு விசாரணை நடத்துவார். ஐந்தாமவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார். எரிச்சல்தான். ஆனால் இந்த ஐந்து பேரும் அசல் ஆட்கள்.

ஆறாவதாக ஒருவர் கூப்பிடுவார். இந்தியில் பேசுவார், நடுநடுவே இங்கிலீஷ். மரியாதை தட்டாது, வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவார். 9,000 ரூபாயா, சரி. போட்டோ பார்த்தேன், பிடித்திருக்கிறது. நான் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் இருக்கிறேன், ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கு மாற்றலாகி வருகிறேன், டியூட்டியில் இருப்பதால் நேரில் வர முடியாது, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்பார். நீங்கள் கேட்காமலே சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்து விழும்.

இந்தியா முழுக்க பழைய பொருள் விற்பவர்களைப் பல ஆண்டுகளாகக் கறந்துவரும் கதை இது. ஊருக்குத் தக்கபடி ஏர்போர்ட் மாறும், கன்டோன்மென்ட் மாறும். கட்டியவன் அயோக்கியன் என்றாலும், கட்டிய விதத்தைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியவில்லை. பழைய பிரிட்ஜ் வாங்குகிறவர் மீது நமக்கு இயல்பாக மூன்று சந்தேகங்கள் வரும். இந்த ஊரில் வாங்க வருகிறவர் ஏன் இந்தியில் பேசுகிறார்? ஏன் வந்து பார்க்கவில்லை? பொருளை எடுத்துப்போக ஏன் வேறு ஆள் வருகிறான்? 'நான் படைவீரன்' என்ற ஒரே பொய் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. திருப்பதியில் இது இன்னும் சுலபமாகச் செல்லும். நாள் முழுக்க இந்தி காதில் விழும் யாத்திரைத் தலம்; ரேணிகுண்டா விமான நிலையத்துக்குக் காவலாக அந்தப் படை நிஜமாகவே நிற்கிறது. சித்தூரைச் சொல்லவே வேண்டாம். முப்பது சொச்சம் கிலோமீட்டரில் வேலூர். அந்த மாவட்டத்தின் கம்மவான்பேட்டைக்கு வீட்டுக்கு வீடு ராணுவம் என்பதால் 'மிலிட்டரிப் பேட்டை' என்றே பெயர். சீருடையைச் சந்தேகிப்பதே பாவம் என்று நினைக்கிற சீமையில் இந்தப் பொய்க்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

சரி, இவ்வளவு கெட்டிக்காரன் ஏன் ஒரு ஐநூறு ரூபாய்க்காவது பேரம் பேசக்கூடாது? பேசினால் இன்னும் அசலாகத் தெரியுமே!

இதற்கு ஒரு நல்ல விடை 2012ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி, மின்னஞ்சலில் ஏமாற்றும் நைஜீரிய மோசடிக்காரர்கள் தாங்கள் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாக ஏன் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். நம்பமுடியாத கதை சொல்வது முட்டாள்தனம் அல்ல, சல்லடை என்பது அவர் வாதம். மின்னஞ்சல் அனுப்பச் செலவில்லை. பதில் போடுகிறவரோடு மாரடிப்பதில்தான் நேரமும் உழைப்பும் போகிறது. பாதியில் சுதாரித்துக்கொள்ளப் போகிறவர்கள் முதல் வரியிலேயே கழன்றுகொண்டால் மோசடிக்காரர்களுக்கு லாபம். கடைசிவரை கூடவே வரக்கூடியவர் மட்டும் மிஞ்சினால் போதும். நம் 'படைவீரர்' பேரம் பேசாததும் இதே கணக்கில் சேரும் என்று நினைக்கிறேன். அவருக்கு பிரிட்ஜ் வேண்டாம். எனவே அதன் விலை நாலாயிரமா ஒன்பதாயிரமா என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. பேரத்தில் செலவாகும் பத்து நிமிடத்தில் இன்னொரு ஊரில் இன்னொருவரைப் பிடித்துவிடலாம்.

பழைய பொருள் சந்தையில் வழக்கமாக பயம் வாங்குகிறவருக்குத்தான். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார்: காரின் கோளாறு விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அதனால் அவன் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறான், நல்ல கார் வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டே போய்விடுகிறார்கள். 2001ல் நோபல் பரிசு அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் சேர்த்துத் தரப்பட்டது. ஆக, பழைய பொருளை வாங்க வருகிறவன் சந்தேகப்பட்டே தீரவேண்டும். சந்தேகமே இல்லாமல் ஒருவன் வந்தால், சந்தேகப்பட வேண்டியது நாம்.

ஸ்பென்ஸ் 1973ல் எழுதியது இன்னும் கைக்கு உதவும். ஓர் அடையாளம் நம்பத்தக்கதாக இருக்க, அதைக் காட்டுவது போலிக்குக் கட்டுப்படியாகாததாக இருக்க வேண்டும். உயிரியலாளர் அமோட்ஸ் ஸஹாவி 1975ல் விலங்குகளிடம் இதையே பார்த்தார். வேட்டை மிருகத்தைக் கண்டும் ஓடாமல் நின்ற இடத்தில் எம்பி எம்பிக் குதிக்கிற மான், 'என்னைத் துரத்தி வீணாகாதே' என்று சொல்கிறதாம். நோஞ்சான் மானால் அப்படிச் சக்தியை விரயம் செய்ய முடியாது. சீருடைப் படம் அந்த வகை இல்லை. யாரோ ஒரு நிஜ வீரர் எப்போதோ எதற்காகவோ அனுப்பிய அட்டையின் நகலாக இருக்கலாம். அதை ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் செலவு அதேதான், சைபர். சித்தூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் பஸ் ஏறி, வெயிலில் வீடு தேடி வந்து, பிரிட்ஜைத் திறந்து மோந்து பார்ப்பதற்குத்தான் செலவு உண்டு. மாட்டுச் சந்தையில் வாங்க வந்தவன் சுழி பார்ப்பான், பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான், அப்புறம்தான் விலை பேசத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பான்.

இனி அந்த க்யூஆர் கோடு. விலை பேசி முடிந்ததும் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும், "ஸ்கேன் பண்ணுங்க சார், பணம் உங்க அக்கவுண்டில் விழும்." உலகிலேயே நேர்த்தியான கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்த வேலைக்குப் பயன்படுவது வருத்தம்தான். 1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களைத் தடம் பிடிப்பதற்காக உருவாக்கியது அது. 'கோ' விளையாட்டுப் பலகையின் கறுப்பு வெள்ளைக் காய்கள் அவருக்கு வழிகாட்டின. மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்களைக் கவனியுங்கள். நடுப்புள்ளி வழியாக எந்தக் கோணத்தில் கோடு கிழித்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று பத்திரிகைகளையும் விளம்பரத் தாள்களையும் அளந்து தேடிப் பிடித்தது இது. அதனால்தான் எத்தனை கசகசப்பான கடைச் சுவரிலும் போன் கேமரா சட்டென்று அதைக் கண்டுபிடிக்கிறது. 30 சதவீதம் வரை அழிந்துபோனாலும் மீட்டுப் படிக்கும்படி அமைக்கலாம்.

பணம் கேட்கும் யுபிஐ கோடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு வரி. தொடக்கத்தில் 'யுபிஐ, செலுத்து' என்ற கட்டளை. பிறகு யாருக்கு என்ற முகவரி, பெயர், எவ்வளவு, ஒரு குறிப்பு. அவ்வளவுதான். ஸ்கேன் செய்கிறவர் கணக்கில் பணத்தைப் போடு என்ற கட்டளை அதில் கிடையாது. குறிப்பு என்ற இடத்தில் கோடு தயாரித்தவன் விரும்பியதை எழுதலாம். 'ராணுவ கேன்டீன் பணம் வரவு' என்றுகூட. பெயரிலும் இப்படி விளையாட இடமிருந்தது. 2025 ஜூன் இறுதிக்குள் வங்கியில் பதிவான பெயரைத்தான் திரையில் காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் உத்தரவிட்டது. தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வேண்டுகோளை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தவும் சொன்னது. கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. 2016ல் யுபிஐ வந்த நாளிலிருந்து ஒன்று மாறவில்லை: உங்கள் கணக்குக்குப் பணம் வர நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கோடை ஸ்கேன் செய்தபின் பின் நம்பர் கேட்கும் திரை வந்தாலே பணம் வெளியே போகப்போகிறது.

இதெல்லாம் தெரிந்தவர்களும் மாட்டுகிறார்கள், காரணம் அந்த ஐந்து ரூபாய். முதலில் "டெஸ்டுக்கு" ஐந்து ரூபாய்க்கு ஒரு கோடு வரும். நீங்கள் தட்டியதும் ஐந்து போகும், உடனே பத்தாகத் திரும்பி வரும். "எங்கள் கணக்கு முறை அப்படி, போட்டது இரட்டிப்பாக வரும்" என்பார். அடுத்து 9,000க்கு ஒரு கோடு. 1966ல் ஃப்ரீட்மேன், ஃப்ரேசர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சின்ன உதவி ஒன்றைச் செய்து கொடுத்தவர்கள், பிற்பாடு கேட்ட பெரிய உதவிக்கும் அதிகமாகச் சம்மதித்தார்கள். ஐந்து ரூபாய்க்கு பின் நம்பரை அழுத்திய விரலுக்கு ஒன்பதாயிரத்துக்கு அழுத்துவது புதிய செயலாகத் தெரிவதில்லை. இடையில் அந்தக் குரல் போனை வைக்கவே விடாது. யோசிக்க ஒரு நிமிடம் கிடைத்தால் ஆட்டம் கலைந்துவிடும் என்று அதற்குத் தெரியும்.

இந்தக் குரல்கள் எங்கிருந்து வருகின்றன? 2023 ஏப்ரலில் அரியானா போலீசார் ஏறக்குறைய 5,000 பேர் ஒரே இரவில் நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களைச் சுற்றிவளைத்தார்கள். நாடு முழுவதும் சுமார் 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய் சுருட்டப்பட்டது என்று பிறகு போலீஸ் தரப்பு சொன்னது. அரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றும் சந்திக்கும் மேவாத் பகுதி அது. வேறு மாநிலங்களில் வேறு பெயர்களில் வாங்கிய சிம் கார்டுகளும் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளும்தான் தொழில் முதல். திரையில் தெரிகிற பெயர் வங்கியில் பதிவான நிஜப் பெயராக இருக்கும், ஆனால் அது பேசுகிற ஆளுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கோடு பலிக்காவிட்டால் குறுஞ்செய்தி. 9,000க்குப் பதில் 90,000 அனுப்பிவிட்டேன், தங்கைக்கு ஆஸ்பத்திரிச் செலவு, மீதியைத் திருப்புங்கள் என்று கெஞ்சல். கூடவே பணம் வரவானதாக ஒரு எஸ்எம்எஸ். அதை அனுப்பியது யார் என்று பாருங்கள்: வங்கிச் செய்தி எழுத்துகளால் ஆன பெயரில் வரும், பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது. அதைவிட நல்லது, செய்தியையே பார்க்காமல் வங்கி ஆப்பில் இருப்பைப் பார்ப்பது.

நிஜ ஜவான்களும் பழைய பிரிட்ஜ் வாங்கத்தான் செய்கிறார்கள், அவர்களை விரட்ட வேண்டியதில்லை. "நீங்க வரலைன்னா பரவாயில்லைங்க, உங்க ஃப்ரெண்டு யாராவது பகல்ல வந்து பார்த்துட்டு ரொக்கமா கொடுத்து எடுத்துட்டுப் போகட்டும்" என்று சொன்னால் போதும். அசல் ஆளுக்கு இது சிரமமே இல்லை. போலிக்கு இதைவிடப் பெரிய தடை கிடையாது; கோபப்படுவான், தேசபக்தியை இழுப்பான், இல்லையென்றால் லைனைத் துண்டிப்பான்.

பைக் விற்கும்போது மோசடி நேரிலேயே வரும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பாத கதை எல்லா ஊரிலும் உண்டு. பின்னால் நீங்களும் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். இன்னொருவர் இருக்கிறார், இவர்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறவர். முழுப் பணமும் ரொக்கமாகத் தந்துவிடுவார். ஆர்சி புத்தகம், கையெழுத்து எதிலும் அவசரம் காட்டமாட்டார். "பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்ணா." ஏபி 03 என்று ஆரம்பிக்கும் சித்தூர் வண்டியை எல்லை தாண்டி வேலூருக்கோ திருத்தணிக்கோ கொண்டுபோகும் அசல் ஆள் அப்படி இருக்கமாட்டார். பெயர் மாற்ற 29, 30 எண் படிவங்களும், வேறு மாநிலத்தில் பதிய ஆர்டிஓவின் தடையின்மைச் சான்றுக்கு 28ஆம் எண் படிவமும் வேண்டும் என்று அவர்தான் உங்களை நச்சரிப்பார். நச்சரிக்காதவருக்கு வண்டி உங்கள் பெயரிலேயே ஓடுவதுதான் வசதி. நான்கு கை மாறிய ஒரு கார் மோதிய வழக்கில், பதிவுப் புத்தகத்தில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணம் போய்விட்டால் 1930. 2021ல் 155260 என்ற எண்ணில் தொடங்கி பிறகு சுருக்கப்பட்ட உதவி எண் இது. புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இன்னும் இருந்தால் முடக்கப்படும், அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால் புகாரும் அந்த வங்கிக்குத் தாவும். வாடகைக் கணக்குகளில் பணம் நிமிடக்கணக்கில் கை மாறி, எங்கோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும் என்பதால் மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போவதைவிட அப்போதே போன் செய்வது மேல். போன் செய்யும்முன் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அதிலுள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்பார்கள்.