உலை அணைந்த ஊர்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், மஹோனிங் ஆற்றங்கரையில் இருக்கிறது யங்ஸ்டவுன். 1930-இல் அங்கே 1,70,000 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 60,000 பேர்.

அன்று ஆற்றோரம் மைல் கணக்கில் எஃகு ஆலைகள் நின்றன. இரவில் உலை வெளிச்சத்தில் வானம் செக்கச்செவேலென்று இருக்கும். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரி படியும். புகை வந்தால் சம்பளம் உண்டு என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஸ்லோவாக்கியர், இத்தாலியர், ஹங்கேரியர், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர் என்று பல திசை மக்களும் பிழைக்க வந்து சேர்ந்த ஊர் அது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பா வேலை பார்த்த ஆலையிலேயே மகனும் சேர்ந்துவிடுவான். தொழிற்சங்கம் போராடி வாங்கிய கூலியில் சொந்த வீடு, ஒரு கார், கோடையில் பிள்ளைகளோடு ஐடோரா பூங்காவில் ராட்டினம் என்று வாழ்க்கை ஓடியது.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடுவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேரின் வேலை போனது. ஊர் மக்கள் இன்றும் அதைக் 'கறுப்புத் திங்கள்' என்கிறார்கள். வெளிநாட்டு எஃகு மலிவாக வந்து குவிந்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. 1969-இல் ஆலையை வாங்கிய நியூ ஆர்லியன்ஸ் கப்பல் நிறுவனம், பழைய உலைகளைப் புதுப்பிக்கப் போதிய பணம் போடவில்லை.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், யூதர் என்று எல்லாச் சமயத் தலைவர்களும் ஒன்றுகூடி, ஆலையை ஊரே வாங்கி நடத்தட்டும் என்றார்கள். 'நம் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்ற பெயரில் மக்கள் வங்கியில் கணக்குத் தொடங்கி, தங்கள் சேமிப்பைப் போட்டார்கள். 1979-இல் கார்ட்டர் அரசு, ஆலையை வாங்கத் தேவைப்பட்ட கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. அதோடு எல்லாம் முடிந்தது. மற்ற பெரிய ஆலைகளும் அடுத்தடுத்து மூடப்பட்டன. 1984-இல் தீ விபத்துக்கு உள்ளான ஐடோரா, அந்த ஆண்டோடு நின்றுபோனது.

இன்று 1,70,000 பேருக்காகப் போட்ட சாலைகளையும் குழாய்களையும் மூன்றில் ஒரு பங்கு மக்கள் வரி கட்டிப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. 2005-இல் நகர நிர்வாகம் ஒரு திட்டத்தை ஏற்றது: இனி இது சிறிய நகரம்தான், அதற்கேற்ப வாழப் பழகுவோம். வளர்ச்சி என்று மட்டுமே பேசத் தெரிந்த ஒரு நாட்டில் இதைச் சொல்லப் பெரிய துணிச்சல் வேண்டும். ஆளில்லா வீடுகள் இடிக்கப்பட்டன. சில மனைகளில் இப்போது காய்கறி விளைகிறது. 2019-இல் இன்னோர் அடி. 150 ஆண்டு காலம் ஊரின் குரலாக இருந்த 'விண்டிகேட்டர்' நாளிதழ் மூடப்பட்டது. அதன் பெயரைப் பக்கத்து வாரன் நகரப் பத்திரிகை வாங்கி, அந்தப் பெயரில் யங்ஸ்டவுன் பதிப்பை வெளியிடுகிறது. வேலை இழந்தவர்களில் சிலருக்கே அங்கே இடம் கிடைத்தது.

ஆனாலும் எல்லாமே போய்விடவில்லை. எஃகு அதிபர் பட்லர் 1919-இல் கட்டிய ஓவிய அருங்காட்சியகத்துக்கு இன்றும் அனுமதி இலவசம். கல்யாண வீட்டு 'குக்கி மேசை'யும் அப்படியே இருக்கிறது. கல்யாண கேக் ஒரு பக்கம் இருக்கட்டும். விருந்தினரின் கண் இந்த நீள மேசையின் மேல்தான். அத்தைமார், பாட்டிமார், அண்டை வீட்டார் என்று ஆளுக்குச் சில டஜன் குக்கிகளை வீட்டிலேயே சுட்டுக் கொண்டுவருவார்கள். இத்தாலிய வீடுகளிலிருந்து நம் அச்சு முறுக்கைப் போலப் பூ வேலைப்பாடு கொண்ட பிட்செல்லே வரும். ஸ்லோவாக் வீடுகளிலிருந்து வால்நட் பூரணம் வைத்துச் சுருட்டிய கொலாச்சி வரும். மேசை கொள்ளாமல் அடுக்கி, மிஞ்சியதைப் பெட்டியில் போட்டு விருந்தினர் கையில் கொடுத்தனுப்புவார்கள். பிழைப்புத் தேடி வெளியூர் போன பிள்ளைகளும் தங்கள் கல்யாணத்துக்கு இந்த மேசை வேண்டும் என்று கேட்கிறார்கள். சுடுவதற்கு ஆள் கிடைத்துவிடுகிறது.