சென்னைக்கு இரண்டு மணி. வள்ளியூருக்கு எத்தனை மணி?

மும்பை ரயில் நிலையம் ஒன்றில் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். தமிழ்க் குரல் கேட்டாலே நிமிர்ந்து பார்ப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கவுண்டர் திறந்ததுமே தாராவிப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். ஊர் வள்ளியூர்ப் பக்கம். விடியற்காலையில் தாயார் காலமான செய்தி போனில் வந்திருக்கிறது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துருவாவளாம் தம்பி. நான் போய்ச் சேர்ந்துருவேனா?"

நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் என்றால் ஒன்றரை நாள். "பிளேனில் போங்கள் அண்ணாச்சி, சென்னைக்கு இரண்டே மணி நேரம்" என்றேன்.

போனார். பகல் ஒரு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கியும் விட்டார். அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. எல்லாம் முடிந்திருந்தது.

தண்டவாளக் கணக்கு

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயில் தூரம் சுமார் 1,280 கிலோ மீட்டர். போர்காட் மலையேறி, புனே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குந்தக்கல், ரேணிகுண்டா என்று சுற்றி வரும் பாதை இது. பம்பாயிலிருந்து வந்த தண்டவாளமும் சென்னையிலிருந்து போன தண்டவாளமும் 1871இல் ராய்ச்சூரில் கைகோத்தன. இன்றும் ஏறக்குறைய ஒரு நாள் பயணம்தான்.

ஆகாயக் கணக்கு

வான் வழித் தூரம் சுமார் 1,030 கிலோ மீட்டரே. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு சென்றார். வழியில் பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள்தான் சேர்ந்தார்!

இன்றைய ஜெட் விமானம் ஆகாயத்தில் இருப்பது ஒன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தே இரண்டு மணி என்று அட்டவணையில் போடுகிறார்கள். மும்பையில் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் காத்திருப்பு சகஜம்.

வாசல் கணக்கு

ஆனால் நம் வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல் வரை எத்தனை மணி என்பதே கேள்வி. விமான நிலையம் போக ஒரு மணி. அங்கே இரண்டு மணி முன்னதாக இருக்க வேண்டும். வானில் இரண்டு மணி. சென்னையில் இறங்கினால் திருநெல்வேலிக்கு இன்னும் 650 கிலோ மீட்டர். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத் ரயிலுக்கே அதற்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது.

மும்பையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம் சற்றே கூடுதல் நேரம்தான் எடுக்கும். அங்கிருந்து நாகர்கோவில் சுமார் 70 கிலோ மீட்டர். வள்ளியூருக்குக் காரில் மூன்று மணி நேரம். அந்தப் பெரியவரை அப்படி அனுப்பியிருந்தால், தாயின் முகத்தைப் பார்த்திருப்பார். இது எனக்கு அன்று தோன்றவில்லை.

பதினாறு முடிந்து திரும்பியவர் கவுண்டருக்கு வந்தார். கோபப்படவில்லை.

"நீ சொன்னது சரிதான் தம்பி. சென்னைக்கு ரெண்டு மணிதான். எங்க ஊருதான் சென்னைக்குப் பக்கத்துல இல்ல."

இப்போதெல்லாம் யாராவது அவசரம் என்று வந்தால், ரயிலா விமானமா என்று நான் தொடங்குவதில்லை. "எந்த ஊர் அண்ணாச்சி?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வாசகர்களும் தத்தம் ஊருக்கு எந்த விமான நிலையம் பக்கம் என்பதை இன்றே விசாரித்து, ஒரு தாளில் எழ்தி வைத்துக்கொள்வது நல்லது. துக்கச் செய்தி வந்த பிறகு கணக்குப் போட யாருக்கும் மனம் ஓடாது.